முதல் நாவலைச் சாகித்ய அகாதெமிக்கு அனுப்புவது எப்படி? பணம் கேட்கும் ‘தேசிய விருது’களை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 33. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். என் முதல் நாவலை ஒரு சிறு பதிப்பகம் 2024 சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்தது. அச்சிட்டது 300 பிரதிகள். சாகித்ய அகாதெமி விருதுக்கு அனுப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பதிப்பாளருக்கும் வழிமுறை தெரியவில்லை. இதற்கிடையில், என் நாவல் ‘தேசிய இலக்கிய விருது’க்குத் தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய் அனுப்புங்கள் என்று ஓர் அமைப்பிடமிருந்து வாட்ஸ்அப்பில் கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தின் தலையில் அசோகச் சின்னம் இருக்கிறது. கட்டலாமா? யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தோழியும் கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறாள். அவளும் அகாதெமிக்கு அனுப்பலாமா?

பதில்: முதலில் பணம். கட்டாதீர்கள். விருது என்றால் கொடுக்கிறவர் கையிலிருந்து எழுதியவர் கைக்குத்தான் பணம் வர வேண்டும். நீங்கள் அனுப்பாத புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுத்துவிட்டு, மேடைச் செலவு, சால்வை, கேடயம் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டுவதற்குப் பெயர் வேறு. இதில் இன்னொரு ரகமும் உண்டு. கட்டணம் கேட்க மாட்டார்கள். ‘விருதாளர் மலர்’ ஐம்பது பிரதி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கூடவே ‘கௌரவ டாக்டர்’ பட்டமும் தருவதாகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டப்படி அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.

அந்த அசோகச் சின்னத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தனியார் அமைப்புகள் அதைக் கடிதத் தாளில் போட்டுக்கொள்ள முடியாது. 2005இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்திருக்கிறது. அரசு ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் பெயர்களையும் சின்னங்களையும் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. ஆகவே அந்தக் கடிதத்தில் சின்னம் இருப்பதே அவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறது. சின்னம் இல்லாமல் வரும் கடிதம் என்றால் நடுவர்கள் யார், கடந்த மூன்று ஆண்டுகளில் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெரும்பாலும் அதோடு தொடர்பு அறுந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் வகை வாரியாகச் சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. அதற்கு விண்ணப்பப் படிவமும் பெயரளவுக்கு ஒரு கட்டணமும் கேட்பதுண்டு. அது துறையின் பெயருக்குப் போகும் பணம். யாரோ ஒருவரின் ஜி-பே எண்ணுக்குப் போகும் பணம் அல்ல. இந்தப் பரிசுக்கு நூல் வெளிவந்த ஆண்டு முக்கியம். அறிவிப்பைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக்கான வாய்ப்பு திரும்ப வராது. பதிப்பாளருக்கும் இதில் பரிசு உண்டு என்பதால் அவரை நினைவுபடுத்துவது கடினமாக இருக்காது.

இனி சாகித்ய அகாதெமி. 1954இல் தொடங்கப்பட்ட அமைப்பு. 1955 முதல் விருது கொடுக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகள், அவற்றோடு ஆங்கிலம், ராஜஸ்தானி என 24 மொழிகளுக்கு மொழிக்கு ஒரு நூல். தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த பரிசுத் தொகை 2009 முதல் ஒரு லட்சம். கூடவே தரும் செப்புப் பட்டயத்தை வடிவமைத்தவர் சத்யஜித் ரே.

விதிகளில் உங்களுக்கு நேராகப் பொருந்துவது காலக் கணக்கு. விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் முதல் முறையாக வெளிவந்த நூல்களைத்தான் பார்ப்பார்கள். 2025 விருது என்றால் 2019 முதல் 2023 வரை வந்த நூல்கள். 2026 என்றால் 2020 முதல் 2024 வரை. சோ. தர்மனின் ‘சூல்’ 2016இல் வந்து 2019இல் விருது பெற்றது இந்தக் கணக்கில்தான்.

உடனே எழுந்து போய் உங்கள் நாவலின் இம்பிரிண்ட் பக்கத்தைப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பொடி எழுத்தில் விலையும் அச்சக முகவரியும் இருக்குமே, அதுதான். சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் நூல்கள் டிசம்பரில் அச்சாகும், ஜனவரியில் அரங்குக்கு வரும். சில பதிப்பாளர்கள் ‘டிசம்பர் 2023’ என்று போடுவார்கள், சிலர் ‘ஜனவரி 2024’ என்று போடுவார்கள். இந்த ஒரு மாதத்தில் ஓர் ஆண்டு நகர்ந்துவிடும். 2023 என்றிருந்தால் உங்கள் நாவலை 2025 முதல் 2029 வரையிலான ஐந்து விருதுகளுக்குப் பார்க்கலாம். 2024 என்றிருந்தால் 2026 முதல் 2030 வரை. எப்படியும் ஐந்து வாய்ப்புகள். நீங்கள் 2024 என்று நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் 2023 என்று இருந்தால் முதல் வாய்ப்பு தெரியாமலேயே போயிருக்கும்.

இன்னொரு சிக்கல் மறுபதிப்பில் வரும். 300 பிரதி தீர்ந்து இரண்டாம் அச்சு போடும்போது, சில இடங்களில் ‘முதல் பதிப்பு’ என்ற வரியையே எடுத்துவிட்டுப் புது ஆண்டை மட்டும் போட்டுவிடுகிறார்கள். பதிப்பகம் மாறினால் புதியவர் தம் வெளியீட்டையே முதல் பதிப்பாகக் காட்டுவதும் தமிழில் சர்வ சாதாரணம். அகாதெமி கணக்கில் முதன்முதலாக நூலாக வந்த ஆண்டுதான் செல்லும். ஆகவே முதல் பதிப்பின் இருபது பிரதிகளைத் தனியாகக் கட்டி எடுத்து வைத்துவிடுங்கள். அறிவிப்பு வரும் நாளில் கையில் ஒரு பிரதிகூட இல்லாமல் வாசகர்களிடம் திருப்பிக் கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எவையெல்லாம் சேராது? மொழிபெயர்ப்பு சேராது. அதற்கென்று 1989இலிருந்து தனிப் பரிசு இருக்கிறது. பலர் எழுதியதைத் தொகுத்தது, சுருக்கப் பதிப்பு, பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு, ஏற்கெனவே இந்த விருதைப் பெற்றவரின் நூல் ஆகியவையும் சேரா. சிறுகதை எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பழைய தொகுப்புகளிலிருந்து பொறுக்கிப் புதுப் பெயரில் போடும் நூல். முக்கால் பங்காவது முதன்முறையாக நூல் வடிவம் பெற்றிருந்தால்தான் அது கணக்கில் வரும். பத்திரிகையில் தொடராக வந்தது பிரச்சினை இல்லை. எழுத்தாளர் இறந்துவிட்டாலும் குறிப்பிட்ட கால வரம்புக்குள் விருது உண்டு. கல்கி 1954இல் மறைந்தார், ‘அலை ஓசை’க்கு 1956இல் கொடுத்தார்கள். இன்குலாப் 2016 டிசம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ தேர்வானபோது, அவருடைய குடும்பத்தார் விருது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அனுப்பும் முறைக்கு வருகிறேன். நெடுங்காலம் பிரதான விருதுக்கு விண்ணப்பம் என்ற ஒன்றே கிடையாது. மொழிக்கு மொழி நிபுணர்களை வைத்துத் தகுதியுள்ள நூல்களின் அடிப்படைப் பட்டியல் போடுவார்கள். அது மொழி ஆலோசனைக் குழுவிடம் போகும், அவர்கள் சிலவற்றைச் சேர்ப்பார்கள். பிறகு பரிந்துரையாளர்கள் வடிகட்டுவார்கள். கடைசியில் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு ஒருமனதாகவோ பெரும்பான்மையாகவோ ஒரு நூலைச் சொல்லும், செயற்குழு ஒப்புதல் தரும். 2025 விருதுக்கு எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் நலம் விரும்பிகளும் நேரடியாக நூலை அனுப்பலாம் என்று அகாதெமியே அறிவிப்பு வெளியிட்டது. இது நல்ல மாற்றம். உங்களைப் போலச் சிறு பதிப்பகத்தில் போட்டவர்களுக்கு இதனால்தான் ஒரு கதவு திறந்திருக்கிறது. அறிவிப்பு அவர்கள் இணையதளத்தில் வரும். தேதியும் எத்தனை பிரதி என்பதும் அதிலேயே இருக்கும், வேறு யாரிடமும் கேட்க வேண்டாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அனுப்பினால் பட்டியலில் நுழையலாம், அவ்வளவுதான். மூன்று நடுவர்களில் இருவராவது உங்கள் நாவலை உண்மையாகவே வாசித்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நாலு பேர் அதைப் பற்றி எழுதியிருந்தால்தான் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்கும். நடுவர் யாரென்று மோப்பம் பிடித்துப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கமும் இங்கே உண்டு. அதைச் செய்யாதீர்கள். அதே பிரதிகளைக் கறாரான நான்கு விமர்சகர்களுக்கும் சிற்றிதழ்களுக்கும், வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கும் அனுப்பினால் புத்தகத்துக்குப் பயன்.

உங்கள் வயதைப் பார்த்தால், நீங்கள் முதலில் குறி வைக்க வேண்டியது யுவ புரஸ்கார், அகாதெமியே இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் விருது. 2011இலிருந்து தருகிறார்கள், தொகை 50,000 ரூபாய். விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று வயது 35ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நூலோடு வயதுச் சான்றும் வைக்க வேண்டும். முதல் நூலிலேயே இது கிடைத்தவர்கள் உண்டு. சுனில் கிருஷ்ணனின் ‘அம்புப் படுக்கை’ (2018), ராம் தங்கத்தின் ‘திருக்கார்த்தியல்’ (2023) இரண்டும் அவரவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு. கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’ (2021) அவருடைய முதல் நாவல். உங்களுக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் நிச்சயம். பிரதான விருதைப் போல இது காத்திருக்காது, வயது ஓடிவிடும். சான்றிதழில் இருக்கும் பெயரும் புத்தக அட்டையில் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு கடிதம் சேர்த்து வையுங்கள். புனைபெயரில் எழுதுகிறவர்கள் இதைக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள்.

பிரதான விருதுக்கும் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் தமிழில் அது எப்படிப் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ வந்தது எழுபதுகளில். அவருக்கு விருது கிடைத்தது 1996இல், ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்கு. ‘மோகமுள்’ நாவலை எழுதிய தி. ஜானகிராமனுக்கு 1979இல் ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு. திருவனந்தபுரம் சாலைத் தெருவைக் கதைகளில் நிறுத்திய ஆ. மாதவனுக்கு 2015இல் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு. ஐந்தாண்டுச் சன்னலுக்குள் வந்த நூலுக்குத்தான் கொடுக்க முடியும் என்பதால், உரிய நேரத்தில் கவனிக்காமல் விட்டவரை ஈடுகட்டக் கையில் கிடைத்த நூலைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது நூலுக்கான விருதா, ஆளுக்கான விருதா என்ற குழப்பம் இன்றும் தீரவில்லை. என் பார்வையில் இதுதான் இந்த விருதின் பெரிய பலவீனம். சுந்தர ராமசாமிக்கும் மௌனிக்கும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1964, 1976 போன்ற ஆண்டுகளில் தமிழுக்கு யாருக்குமே கொடுக்கவில்லை.

ஞானபீடத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். 1982க்குப் பிறகு அது மொத்தப் பங்களிப்புக்கான விருதாகிவிட்டது. தமிழில் அகிலன் (1975), ஜெயகாந்தன் (2002) போன்ற மிகச் சிலருக்கே கிடைத்திருக்கிறது. அதைத் தருவது தனியார் அறக்கட்டளை, அரசு அல்ல. சரஸ்வதி சம்மான் என்ற இன்னொரு பெரிய இலக்கிய விருதும் அப்படித்தான்.

தோழி விஷயம். சாகித்ய அகாதெமி விருது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் சென்னைப் பதிப்பகத்தில் நூல் போட்டாலும் பயனில்லை. தமிழ் இலக்கியத்துக்கான ‘தேசிய’ விருதில் ஈழத்து எழுத்து நுழையவே முடியாது என்பது உறுத்தலான விஷயம்தான், ஆனால் விதி அது. அவருக்கு இலங்கையின் அரச இலக்கிய விருதில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் தரும் விருதுகளுக்கு நாட்டு எல்லை இல்லை. அதன் இயல் விருது வாழ்நாள் பணிக்கு. புனைவு, கவிதை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பரிசுகள் உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியது இவ்வளவுதான். இம்பிரிண்ட் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பி, மறுபதிப்பிலும் முதல் பதிப்பு வரி அப்படியே இருக்கட்டும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வயதுச் சான்று நகலை எடுத்து வையுங்கள். யுவ புரஸ்காருக்கு ஓர் உறை, பிரதான விருதுக்கு ஓர் உறை, தனித்தனியாக. இரண்டையும் ஒரே கட்டாக அனுப்பினால் எந்த மேசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. உறை மேல் விருதின் பெயர், ஆண்டு, மொழி மூன்றையும் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்வதற்கு முன்னால், அசோகச் சின்னம் போட்ட கடிதத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930. பணம் கட்டிவிட்ட வேறு யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.