ஜீப் ராங்ளரில் குழாய்க் கதவு மாட்டினால் பாதுகாப்பு கூடுமா, வெறும் அழகுக்கா?

கேள்வி கேட்டவர் சால்ட் லேக் சிட்டியில் வசிக்கிறார். நான்கு கதவு கொண்ட ஜேஎல் ராங்ளர் (ஜேகேவுக்கு அடுத்து வந்த தலைமுறை) வைத்திருக்கிறார். வசந்த காலத்தில் குடும்பத்தோடு அதே யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரிலுள்ள பாறைத் தடங்களுக்குப் போகப்போகிறார். கதவுகளைக் கழற்றிவிட்டு ஓட்டத்தான் ஆசை, ஆனால் ஒன்பது வயது மகன் பின்னிருக்கையில் இருப்பதால், கதவே இல்லாமல் போவதைவிட டியூப் டோர் எனப்படும், தகடும் கண்ணாடியும் இல்லாமல் இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த குழாய்க் கதவுகளை மாட்டிக்கொண்டு போவது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு கதவு ஜேகே ராங்ளர் ஒன்றை இதே தடங்களில் ஓட்டிவருபவன் என்ற முறையிலும், இயந்திரப் பொறியியல் படித்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேரடியான பதில் இது. கதவே இல்லாத வண்டியோடு ஒப்பிட்டால், நடை வேகத்தில் பாறை ஏறும்போது குழாய்க் கதவுக்கு உண்மையான பயன் உண்டு. வண்டியோடு ஆலையிலிருந்தே வரும் ஆலைக் கதவோடு ஒப்பிட்டால், நெடுஞ்சாலையில் அதற்குக் கிட்டத்தட்ட எந்தப் பயனும் இல்லை. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் பிள்ளைகள் தவறி விழாமல் தடுக்கும். லாரி வந்து மோதினால் நிற்குமா என்று அதைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. குழாய்க் கதவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

2016 அக்டோபரில் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவரை நானும் அவற்றை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். மோவாபின் மணற்பாறையில் முழங்கால் உயரப் படி ஒன்றைக் கோணலாக ஏறியபோது, வலது முன்சக்கரம் மேலே போய்விட்டது, இடது பின்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கியது. வண்டி ஒரு கணம் நின்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக, என் பக்கமாகச் சாய்ந்து படுத்தது. வேகம் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. சாயும்போது என் இடது கை என்னைக் கேட்காமலே வெளியே நீண்டது, நிலத்தை ஊன்றித் தடுத்துவிடலாம் என்பதுபோல. இரண்டு டன் வண்டியை முழங்கையால் தாங்கிவிட முடியாது என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அந்தக் கை கதவின் மேற்குழாயில் இடித்து நின்றது. வண்டியை மற்றவர்கள் வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) போட்டு நிமிர்த்திய பிறகு பார்த்தேன்: முன்கையின் குறுக்கே சிவந்த தழும்பு, குழாயின் வெளிப்புறத்தில் கருப்புப் பூச்சு உரிந்து பாறையின் செம்பொடி அப்பிய ஒரு சாண் நீளக் கீறல். தழும்புக்கும் கீறலுக்கும் இடையில் இருந்தது ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய் மட்டுமே.

நம் ஊர்ப் பேருந்துகளில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருப்பார்கள். கவிழும் வண்டியில் அந்த வாசகம் செல்லாது. அங்கே நீட்டுவது நாமல்ல, நம் உடம்பின் பழக்கம். சீட் பெல்ட் இடுப்பையும் மார்பையும் பிடித்துவைக்கும், கையைப் பிடிக்காது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் குழாய்க் கதவின் முதல் வேலை. என் கணிப்பில், உருப்படியான ஒரே வேலையும் அதுதான்.

இது என் ஒருவனின் அனுபவத்தை வைத்துச் சொல்வதல்ல. ஜீப்பைப் போன்றே திறந்த பக்கங்கள் கொண்ட, அருகருகே உட்கார்ந்து ஓட்டும் காட்டு வண்டிகளைப் பற்றி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2014இல் ஒரு விதியை முன்மொழிந்தபோது, அதற்கு ஆதாரமாக 428 விபத்துகளை ஆராய்ந்திருந்தது; அவற்றில் இறந்தவர்கள் 231 பேர். விபத்துகளில் 68 சதவீதம் வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்தவை. வண்டியில் இருந்தது உறுதியான 610 பேரில் 433 பேர் முழுதாகவோ பாதியாகவோ வெளியே வந்துவிட்டார்கள், அப்படி வந்தவர்களில் 269 பேர் அதே வண்டியின் ஏதோ ஒரு பாகத்தால், உதாரணமாக ஆட்களைச் சுற்றி நிற்கும் காப்புக் கூண்டின் குழாயால், அடிபட்டிருந்தார்கள். எந்தக் கூண்டு காக்க வேண்டுமோ அதுவே மேலே விழுந்து நசுக்கியிருக்கிறது. அவர்களில் பலர் பெல்ட் அணியாதவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெல்ட் போடாதவருக்குக் குழாய்க் கதவு மாட்டிக்கொடுப்பது ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது போன்றது.

அந்த முன்மொழிவில் இருந்த ஓர் அளவுகோலை நான் இன்றும் கதவு வாங்க நினைப்பவர்களிடம் சொல்வதுண்டு. அமர்ந்திருப்பவரின் தோள் அருகே உள்ள தடுப்பின் மீது வெளிநோக்கி 163 பவுண்டு, அதாவது 725 நியூட்டன் விசையைப் பத்து விநாடி கொடுத்தால், அது ஓர் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அது. 74 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தத் தடுப்பின் மீது முழுப் பாரத்தோடு படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. பல குழாய்க் கதவுகள் விசையைத் தாங்குமா என்ற கேள்விக்கே வராமல் உயரத்திலேயே தோற்றுவிடுகின்றன: அவற்றின் மேற்குழாய் இடுப்புக்குச் சற்று மேலே, முழங்கை மட்டத்தில் முடிந்துவிடுகிறது, தோள் முழுவதும் வெளியே நிற்கிறது. தாழ்வாக வளைந்து இறங்கும் கதவு படத்தில் அழகாக இருக்கும். ஆனால் இருக்கையில் அமர்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். கை எந்தக் குழாயிலும் படாமல் வெளியே போகுமானால் அந்தக் கதவை வாங்காதீர்கள்.

இனி நெடுஞ்சாலைக்கு வருகிறேன். ஆலைக் கதவில் நாம் காணாதது, உள்ளே கிடக்கும் குறுக்கு உத்தரம். பக்கத்திலிருந்து ஒரு வண்டி மோதினால் அந்த உத்தரமும் கதவின் தகடுகளும் விசையை முன்னால் கீல்கள் வழியாக முன்தூணுக்கும், பின்னால் பூட்டு வழியாக நடுத்தூணுக்கும் அனுப்புகின்றன. உட்புறப் பலகையும் நுரையும் மிச்ச விசையை இடுப்பு, விலா என்று பரப்பித் தருகின்றன. அமெரிக்காவின் 214ஆம் எண் கூட்டரசுப் பாதுகாப்புத் தரத்தின் பக்க மோதல் சோதனையில் 1,368 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. நாற்சந்தியில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வரும் சாதாரண கார் அதைவிடக் கனமாகவும் இருக்கலாம், வேகமாகவும் வரலாம். அதற்கு எதிரே குழாய்க் கதவு செய்யக்கூடியது, உள்நோக்கி வளைந்து, பரந்த பலகையாக வர வேண்டிய அடியை ஒன்றேகால் அங்குல அகலக் கோடாக விலா எலும்பில் கொடுப்பதுதான். குழாய்களுக்கு இடையே உள்ள திறப்பில் பம்பரின் மூலையோ முறிந்த மரக்கிளையோ தாராளமாக நுழையும்.

பந்தயக் கார்களிலும் பக்கவாட்டில் குழாய்கள்தானே இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் வெளியே புடைத்து நிற்கும் குழாய்கள் கூண்டோடு இரு முனையிலும் பற்றவைக்கப்பட்டவை. கதவாகத் திறப்பவை அல்ல, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறார். நம் குழாய்க் கதவோ இரண்டு கீல் முளைகளிலும் ஒரு தாழ்ப்பாளிலும் தொங்குகிறது. குழாயின் அளவும் வேறு. 1.75 அங்குல வெளிவிட்டமும் 0.120 அங்குலச் சுவர்த் தடிமனும் கொண்ட கூண்டுக் குழாயோடு ஒப்பிட்டால், கதவுகளில் பரவலாகக் காணப்படும் 1.25 அங்குல, 0.095 அங்குலக் குழாயின் வளைவு விறைப்பு மூன்றரையில் ஒரு பங்குதான். அதே சுவர்த் தடிமனில் ஓர் அங்குலக் குழாய் என்றால் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கண்ணுக்குக் கொஞ்சம் மெலிந்ததாகத் தெரிவது கணக்கில் நிறைய மெலிந்தது.

அதோடு உங்கள் ஜேஎல் வண்டியின் பக்கக் காற்றுப்பைகள் முன்னிருக்கைகளின் வெளி ஓரத்தில் இருக்கின்றன. பை விரியும்போது அதற்கு முதுகுகொடுக்கக் கதவுப் பலகை வேண்டும். பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுவெளி இருந்தால் பை வெளியே பிதுங்கும். ஜீப்பின் கையேடே, கதவுகளைக் கழற்றினால் அவை தரும் காப்பு போய்விடும், பொதுச்சாலையில் அப்படி ஓட்டாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறது. கதவில்லாமல் ஓடவும் செய்யப்பட்ட வண்டிகளில் எளிதாகக் கழற்றி மாட்டும் கதவுகளைக் கதவுப் பூட்டுகளுக்கான 206ஆம் எண் தரமே தன் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. ஆகவே கடையில் நீங்கள் பார்க்கும் குழாய்க் கதவின் தாழ்ப்பாள் எந்தச் சோதனையிலும் நின்று வந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

வேகத்தில் கவிழ்வது வேறு கதை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் (ஐஐஎச்எஸ்) 2020இல் வெளியிட்ட முடிவில், ஓட்டுநர் பக்க முன்மூலை மட்டும் மோதும் மணிக்கு 64 கிலோமீட்டர் சோதனையில், நான்கு கதவு ராங்ளர் தடுப்பில் மோதிய பின் பயணியர் பக்கமாகக் கவிழ்ந்து விழுந்தது. மோதியது முன்னால், விழுந்தது பக்கவாட்டில். அந்த நேரத்தில் வலப்பக்கம் அமர்ந்திருப்பவருக்கும் தாருக்கும் இடையே என்ன இருக்கிறது என்பது சிறிய கேள்வியல்ல.

தாழ்ப்பாளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழாய்க் கதவில் முதலில் கைவிடுவது குழாயல்ல, அதுதான். நான் முதன்முதலில் வாங்கிய கதவுகள் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்தவை. குழாய் நன்றாகவே இருந்தது, பற்றவைப்பும் சீராக இருந்தது. ஆனால் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டும் தொங்க, வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும்போது, வலப்பக்கக் கதவு ‘டக்’ என்று தானாகத் திறந்து ஆடத் தொடங்கியது. சட்டகம் முறுகும்போது உடற்பகுதியும் சற்று முறுகும். கீலுக்கும் தாழ்ப்பாள் முளைக்கும் இடையிலான தூரம் சில மில்லிமீட்டர் மாறினாலே போதும், நாக்கு நுனியில் மட்டும் கவ்விக்கொண்டிருந்த தாழ்ப்பாள் வழுக்கிவிடும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் கதவைச் சாத்திப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, வண்டி முறுகிய நிலையில், உள்ளிருந்து காலால் கதவை உதைத்துப் பாருங்கள். ஆலைப் பூட்டைப் போல இரண்டு படியில் கவ்வும் தாழ்ப்பாள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு ஊசியோ மலையேறுவோர் பயன்படுத்தும் திருகு வளையமோ மாட்டிக்கொள்ளலாம், ஆனால் கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒரு கையால், தலைகீழாக, அதைக் கழற்ற முடிகிறதா என்று பழகிப் பார்த்த பிறகு.

கைக்கும் விலாவுக்கும் எட்டும் குழாய்களில் நுரை சுற்ற வேண்டும். பஞ்சு போன்ற நீச்சல் நுரையை அமுக்கினால் விரல் குழாயைத் தொட்டுவிடும், அதனால் பயனில்லை. பந்தயக் கூண்டுகளுக்கான எஸ்எஃப்ஐ 45.1 குறியீடு கொண்ட கெட்டி நுரை கிடைக்கிறது. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகள் கதவோடு போய்விடும் என்பதால் குழாய்க் கதவில் அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மகனைப் பற்றி. நான்கு கதவு வண்டியின் பின்கதவுக்கும் குழாய்க் கதவு கிடைக்கும், ஆனால் அவற்றின் இடைவெளிகள் பெரியவர்களின் உடம்பை நினைத்து வைக்கப்பட்டவை. ஒன்பது வயதுப் பையனின் காலோ தலையோ அந்த இடைவெளியில் நுழையுமானால் அது அவனுக்குக் கதவே அல்ல. என் தனிப்பட்ட முடிவு இது: முன்னால் குழாய்க் கதவு, பின்னால் ஆலைக் கதவு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டால் அவனுக்கு வேண்டிய காற்று வந்துவிடும். அவனுக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும்.

போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் வரை நெடுஞ்சாலை. 70ஆம் எண் சாலையிலிருந்து பிரியும் 191இல் மட்டுமே ஐம்பது கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே. அதுவரை நான்கு ஆலைக் கதவுகளும் வண்டியில் இருக்கட்டும், குழாய்க் கதவுகள் இரண்டும் போர்வையில் சுற்றிப் பின்னால் கிடக்கட்டும். தங்குமிடத்தில் டி50 டார்க்ஸ் பிட்டால் (ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளி) கீல் திருகுகளைக் கழற்றி, மின்கம்பி இணைப்பைப் பிரித்து, முன்கதவுகளை அறைக்குள் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு அரை மணி நேர வேலை. ஹெல்ஸ் ரிவெஞ்ச் தடம் ஊரை ஒட்டிய சாண்ட் ஃப்ளாட்ஸ் சாலையிலேயே தொடங்குகிறது, அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. பாய்சன் ஸ்பைடர் தடத்துக்குப் போவதானால் மறுபடி 191இல் ஏறி, பொட்டாஷ் சாலை வழியாகப் போக வேண்டும். அந்த நாளில் நான் ஆலைக் கதவுகளைக் கழற்றுவதே இல்லை.