மரமும் கட்டடமும் தெருக்காற்றை என்ன செய்கின்றன? கேள்வி பதில்

நகரக் காற்றோட்டத்தைக் கணினியில் மாதிரி செய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டடக்கலை மாணவி: கட்டடத்தைப் பெட்டியாக வைத்தேன். மரத்தை உருளையாக வைத்ததற்கு ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன்?

திருப்பிக் கொடுத்தது சரிதான். திட உருளைக்குள் காற்று நுழையாது. விலகிப் போய்ப் பின்னால் பெரிய சுழலை உண்டாக்கும். மரத்துக்குள்ளோ காற்று புகுந்து, வேகம் குறைந்து, மறுபக்கம் வெளியே வரும். இதற்காக ஒவ்வொரு இலையையும் வரைய வேண்டாம். கணினி காற்றுவெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கிளைத்தொகுதி இருக்கும் கட்டங்களில் மட்டும் காற்றை எதிர்க்கும் ஒரு விசையைச் சேர்த்தால் போதும்: இழுவைக் கெழு × இலைப் பரப்பு அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். இலைகள் காற்றை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்று சொல்லும் எண்தான் இழுவைக் கெழு. அதைப் பொதுவாக 0.2 என்று வைப்பார்கள். ஒரு கன மீட்டருக்குள் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறதோ, அதுதான் இலைப் பரப்பு அடர்த்தி. அது 1 என்றால், நொடிக்கு 2 மீட்டர் காற்றுக்கு எதிர்ப்பு 0.8, 4 மீட்டர் காற்றுக்கு 3.2. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு.

இலைகள் காற்றின் கொந்தளிப்பையும் மாற்றும் என்பதால், அதற்கான சமன்பாடுகளிலும் தனி உறுப்பு சேர்க்க வேண்டும். அடிமரம் மட்டும் நிற்கும் உயரத்தில் இலை அடர்த்தியைப் பூஜ்யமாக வையுங்கள். நாம் நடக்கும் உயரம் அதுதான். மாதமும் முக்கியம்: இலை உதிர்த்து நிற்கும் வேம்பும் தழைத்த வேம்பும் காற்றுக்கு இரண்டு வேறு மரங்கள்.

உயரமான கட்டடத்தின் அடியில் காற்று ஆளைத் தள்ளுகிறதே?

மேலே காற்றுக்கு வேகம் அதிகம். அது சுவரில் மோதிக் கீழே இறங்கி, மூலைகளைச் சுற்றிப் பாய்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 112 மீட்டர் உயரமுள்ள பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் அருகே 2011-ல் பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து போன ஒருவர் இறந்தார். பிறகு பக்கத்துச் சாலைக்கு மேலே, குறுக்காக, காற்றைத் திருப்பும் பெரிய தடுப்புகளை நிறுவினார்கள். காற்று எப்படிப் பாயும் என்ற சோதனை, கட்டடம் வரைபடத்தில் இருக்கும்போதே சரியாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மரம் நட்டால் புகை குறையும்தானே?

எல்லாத் தெருவிலும் இல்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் 1:150 அளவில் ஒரு தெருவைக் கட்டி, செயற்கையாகக் காற்றை வீசச் செய்யும் ஆய்வுக்கூடமான காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். கம்பிக் கூண்டுக்குள் செயற்கை இழைகளை அடைத்து மரமாக வைத்தார்கள். காற்று தெருவுக்குக் குறுக்காக வீசும்போது, காற்று வரும் பக்கத்துக் கட்டடத்தின் தெருச்சுவரோரம் புகை கூடியது. எதிர்ச்சுவரோரம் ஓரளவு குறைந்தது. தெருவுக்குள் சுழன்று புகையை வெளியேற்றும் ஓட்டத்தை மரங்கள் மந்தமாக்குவதுதான் காரணம்.

எங்கள் தெரு 6 மீட்டர் அகலம், இருபுறமும் 12 மீட்டர் உயரக் கட்டடம். மரம் நடலாமா?

உயரத்தை அகலத்தால் வகுத்தால் 2. சுமார் 0.7-ஐத் தாண்டினாலே, குறுக்காக வரும் காற்று கூரைகளின் மேலேயே வழுக்கிப் போய்விடும். உள்ளே கொஞ்சம்தான் இறங்கும். ஆனாலும் வண்டி குறைவு என்றால் தயங்காமல் நடுங்கள், வெயிலுக்கு நிழல் பெரிய விஷயம். பேருந்தும் லாரியும் ஓயாமல் போகிற தெரு என்றால், இடைவெளி விட்டு, கிளைகள் தெருவை மூடாத மரமாக நடுங்கள்.

காற்றோட்டத்தை இப்படி முன்கூட்டியே சோதிப்பது எங்காவது அரசு விதியாக இருக்கிறதா?

ஹாங்காங்கில் இருக்கிறது. 2003 சார்ஸ் தொற்றுக்குப் பிறகு நெருக்கமான கட்டடங்களின் காற்றோட்டம் பெரிய கவலையானது. 2006-ல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீட்டு முறை வந்தது. தரையிலிருந்து 2 மீட்டரில் உள்ள வேகத்தை, கட்டடங்களின் பாதிப்பு எட்டாத உயரத்து வேகத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஒரு திட்டத்தின் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட அந்த ஒரே எண் நன்றாக உதவுகிறது.

காற்றோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளான ஓப்பன்ஃபோமில் ஆரம்பிக்கிறேன். எதில் கவனம்?

கணக்கிடும் வெளியின் எல்லையைக் கட்டடத்தை ஒட்டியே போட்டுவிடாதீர்கள். மிக உயரமான கட்டடம் 30 மீட்டர் என்றால், காற்று வரும் முன்பக்கமும் பக்கங்களிலும் அதற்கு மேலேயும் 150 மீட்டர், காற்று போகும் பின்பக்கம் 450 மீட்டர் வெளி விடுங்கள். நடப்பவர் உயரம் தரையிலிருந்து மூன்றாவது கட்டத்திலோ அதற்கு மேலோ விழ வேண்டும். சராசரி ஓட்டத்தைக் கணக்கிடும் மாதிரிகள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மந்தப் பகுதியை நீட்டிக் காட்டும். அதை நம்பி, அங்கே காற்று அமைதியாக இருக்கும், ஒரு பெஞ்சு போடலாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். முதலில் வெளியிடப்பட்ட ஒரு காற்றுச் சுரங்கச் சோதனையை அப்படியே கணினியில் செய்து பாருங்கள். எண்கள் ஒத்துவந்தபின் உங்கள் தெருவை வரையலாம்.