பேவர் பிளாக் டெண்டர்: 30 கிலோமீட்டர் நிபந்தனையும் ஒரு வாய்ஸ் மெசேஜும்

கேள்வி: ஐயா, தென்மாவட்டம் ஒன்றில் பேவர் பிளாக் தயாரிக்கும் சிறிய ஆலை வைத்திருக்கிறேன். பக்கத்து நகராட்சி, நடைபாதைகளுக்கு பேவர் பிளாக் சப்ளை செய்ய 1 கோடியே 40 லட்சம் ரூபாய் மதிப்பில் இ-டெண்டர் விட்டிருக்கிறது. ஆலை நகராட்சி எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையது 42 கிலோமீட்டர். இதே நகராட்சிக்கு ஏற்கெனவே 50 லட்சத்துக்கு சப்ளை செய்திருக்க வேண்டுமாம். கல்லின் வலிமை எம்-50 கிரேடுதான் வேண்டுமாம். அறிவிப்பு வந்த எட்டாவது நாளே கடைசித் தேதி. போன வருடம் மூன்று கம்பெனிகள் மட்டும் தகுதி பெற்றன. சதுர மீட்டருக்கு அவர்கள் போட்ட ரேட்டில் ஒன்றிரண்டு ரூபாய்தான் வித்தியாசம். இப்போது அவர்களில் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார்: "இதை எங்களுக்கு விடுங்கண்ணே. ரேட்டைக் கூட்டி வச்சு சும்மா ஒரு டெண்டர் போடுங்க, கண்டிஷனை நாங்க பார்த்துக்கிறோம். அடுத்த வேலை உங்களுக்கு." நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. ஒன்று, நிபந்தனை வைத்த அலுவலகத்தின் மீது. இன்னொன்று, கூடிப்பேசி ரேட் போடும் கம்பெனிகள் மீது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒரே மனுவில் கொட்டி, கலெக்டரில் தொடங்கி முதல்வரின் தனிப்பிரிவு வரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குள் வேலை உத்தரவே போயிருக்கும். இரண்டுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய இடம் வேறு, காலக்கெடுவும் வேறு. பிரித்துக்கொள்ளுங்கள்.

அவசரமானது முதலில். நீங்கள் போகிற போக்கில் சொன்ன எட்டு நாள் விஷயம்தான் என் கண்ணுக்கு உங்கள் வலுவான ஆயுதம். நகராட்சியும் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-க்குக் கட்டுப்பட்டதுதான். அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளில் 20-ஆவது விதி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் என்றால் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்கிறது. குறைக்கலாம், ஆனால் டெண்டர் விடுபவருக்கு மேலுள்ள அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதித்திருக்க வேண்டும். நடைபாதைக் கல்லுக்கு அப்படி என்ன அவசரம் என்று அந்தக் கோப்பில் எழுதியிருப்பார்கள், பார்க்கலாம். தூரமும் அனுபவமும் நியாயமா என்பதில் இரு பக்கமும் வாதாட இடம் உண்டு. நாள் கணக்கில் அப்படி இல்லை. காலண்டரைப் பார்த்தால் போதும்.

சரி, நிபந்தனைகளுக்கு வருவோம். என்ன தகுதி வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை டெண்டர் விடுபவருக்கு உண்டு. நீதிமன்றங்கள் அதில் எளிதில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு நிபந்தனையும் அந்த வேலைக்கு எந்த வகையில் தேவை என்றுதான் கேட்பார்கள். தார் கலவைக்குத் தூர வரம்பு வைத்தால் நியாயம், ஏனென்றால் வழியில் சூடு இறங்கினால் கலவை கெட்டுவிடும். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டும் லாரியிலேயே இறுகிவிடக்கூடாது. பேவர் பிளாக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வார்த்து, தண்ணீர் காட்டி, 28 நாள் வலிமை வந்த கல்லை 42 கிலோமீட்டர் ஏற்றி வந்தால் அதற்கு என்ன ஆகிவிடும்? லாரி வாடகையும் உங்கள் ரேட்டுக்குள்தான் வருகிறது. நகராட்சிக்கு அதில் நட்டம் இல்லை.

எம்-50 இன்னும் வேடிக்கை. பேவர் பிளாக்குக்கான ஐ.எஸ். 15658 தர நிர்ணயம், எந்தப் போக்குவரத்துக்கு எந்த கிரேடு என்று பிரித்தே சொல்கிறது. கனரக வண்டிகள் ஓடும் இடத்துக்குத்தான் எம்-50. ஆள் நடக்கும் பாதைக்கு எம்-30, எம்-35 போதும். தேவையில்லாத கிரேடைக் கேட்டால் சிறு ஆலைகள் தானாகவே ஒதுங்கும், விலையும் ஏறும். ஆனால் அந்தப் பாதையில் குப்பை லாரி ஏறும் என்று பொறியாளர் பதில் சொன்னால் உங்கள் வாதம் பாதி போய்விடும். ஆகவே இடத்தைப் போய்ப் பார்த்து, படம் எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

'இதே நகராட்சிக்கு சப்ளை செய்திருக்க வேண்டும்' என்பதற்குப் புதிய தீர்ப்பே இருக்கிறது. சத்தீஸ்கர் அரசு, பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் டெண்டரில், முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த மாநில அரசு அமைப்புகளுக்கே 6 கோடி ரூபாய்க்கு சப்ளை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வினிஷ்மா டெக்னாலஜீஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் அதை ரத்து செய்தது. வெளியில் இருப்பவரை உள்ளே வரவிடாமல் கதவடைக்கும் அந்த நிபந்தனை, சமத்துவமும் தொழில் செய்யும் உரிமையும் தரும் அரசியலமைப்பின் 14, 19(1)(ஜி) பிரிவுகளுக்கு முரண் என்றது. அது மாநில அளவு. உங்களுடையது ஒரே ஒரு நகராட்சி அளவு, இன்னும் குறுகலானது. பேவர் பிளாக் சப்ளை அனுபவம் கேட்கட்டும், தவறில்லை. எந்த ஊரில் செய்திருந்தால் என்ன?

செய்முறை இதுதான். இன்றே நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். மின்னஞ்சலிலும், பெற்றதற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: அவகாசம், தூரம், அனுபவம், கிரேடு. 'சிண்டிகேட்', 'கமிஷன்' போன்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் வேண்டாம். பதில் வராவிட்டால், கடைசித் தேதிக்கு முன்பே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. தேதி முடிந்து, ஒப்பந்தமும் கையெழுத்தாகி, வேலை தொடங்கியபின் போனால், மக்களுக்கான பணியை நிறுத்தச் சொல்கிறீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். உள்கட்டமைப்பு வேலைகளுக்குத் தடை கொடுக்கத் தயங்க வேண்டும் என்று 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எதிர்த்தரப்பு நீட்டும்.

கூடவே ஆட்சேபணையைக் குறிப்பிட்டு டெண்டரும் போட்டுவையுங்கள், உங்கள் உண்மையான ரேட்டில். முதலில் சொன்ன 1998 டெண்டர் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை, டெண்டர் போட்டவருக்குத்தான். அதுவும் உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள். ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டுத் தோற்றபின் நிபந்தனை தவறு என்றால் எடுபடாது. அனுபவச் சான்றிதழை எங்காவது 'ஏற்பாடு' செய்யும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். கருப்புப் பட்டியலில் போய் நிற்பீர்கள்.

அப்புறம் கம்பெனிகள். பேசி வைத்து டெண்டர் போடுவது, போட்டிச் சட்டம் 2002-இன் 3(3)(டி) பிரிவில் வருகிறது. அப்படி உடன்பாடு இருந்தது என்று நிரூபித்துவிட்டால், போட்டி கெட்டது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். சிமெண்டில் இது நடந்திருக்கிறது. ஹரியானா அரசு 2012-இல் விட்ட சிமெண்ட் டெண்டரில் கூட்டு வைத்ததாக ஏழு நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜனவரியில் சுமார் 206 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

ஆனால் ரேட் ஒட்டிப்போவது மட்டும் போதாது. இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில் பூச்சிமருந்து மாத்திரைக்கு கம்பெனிகள் ஒரே மாதிரி கிலோ 388 ரூபாய் போட்ட வழக்கில், கூட்டு இருந்தது என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. அடுத்த வருடமே ராஜஸ்தான் சிலிண்டர்ஸ் வழக்கில், கேஸ் சிலிண்டர் வாங்குவதே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்தான், அந்தச் சந்தையில் விலை ஒத்துப்போவதால் மட்டும் சதி ஆகாது என்று விட்டுவிட்டது. ஆகவே வேறு தடயம் வேண்டும்: ஈ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) ஒரே வங்கிக் கிளையிலிருந்து போனதா, கவரிங் லெட்டரில் ஒரே எழுத்துப்பிழையா, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பதிவேற்றமா. போன வருட டெண்டர் முடிந்த கதை என்பதால், அதன் ஒப்பீட்டுப் பட்டியலையும் ஈ.எம்.டி. விவரங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போட்டி ஆணையத்துக்கு, போட்டிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் தகவல் தர, 2023 திருத்தத்துக்குப்பின் மூன்று ஆண்டு கெடு. அந்தப் புகாரில் நகராட்சியின் நிபந்தனைகளை இழுக்காதீர்கள். வாங்குபவர் தன் தேவையை வகுப்பதில் ஆணையம் பெரும்பாலும் தலையிடுவதில்லை.

உங்களிடம் இருக்கும் வாய்ஸ் மெசேஜ் இதற்குத்தான் உதவும். அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தால் மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் தேவைப்படும். 'சும்மா ஒரு டெண்டர்' போட்டீர்கள் என்றால் நீங்களும் அந்தக் கூட்டில் ஒருவர். அபராதம், கூட்டு நீடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். உங்கள் ஆலை அதைத் தாங்காது. 'முடியாது, என் ரேட்டில்தான் போடுவேன்' என்று எழுத்தில் ஒரு வரி பதில் அனுப்புங்கள். அதுவும் உங்களுக்குச் சாட்சி.

'கண்டிஷனை நாங்க பார்த்துக்கிறோம்' என்பது அலுவலகத்தில் யாரோ உடந்தை என்பது போல் கேட்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியின் பெயரையும் எழுதிவிடாதீர்கள். நிபந்தனைக்கு அடங்காத இன்னொருவரின் டெண்டரை நகராட்சி உண்மையிலேயே ஏற்றுக்கொண்டால், அந்த ஆவணத்தோடு லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.