பதில்: 2021, 2022 ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டினால் ஸ்பெயின் இரண்டாவது வருகிறது, ஆனால் 2023 ரக்பி உலகக் கோப்பைக்குப் போனது ருமேனியா. எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

உங்க கூட்டல் தப்பில்லை. ஸ்பெயினோட மொத்தத்திலிருந்து 10 புள்ளியைக் கழிச்சுப் பாருங்க, ருமேனியா மேலே வந்துடும்.

இந்த உலகக் கோப்பைக்குத் தகுதிப் போட்டியா இருந்த ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப்பில் நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் ஸ்பெயின் தகுதியில்லாத ஒரு வீரரை இறக்கியது. ஆட்டத்துக்கு 5 புள்ளி அபராதம். தீர்ப்பு வந்தது 2022 ஏப்ரல் கடைசியில். நீங்க பார்க்கிற பட்டியல் அனேகமா மார்ச்சில் போட்டி முடிஞ்ச கையோடு எடுத்ததா இருக்கும். அப்போ மாட்ரிட்டில் ஸ்பெயின் ஜெயிச்ச கொண்டாட்டம்கூட முடிஞ்சிருக்காது, பாவம்! 2018-லும் இதே தகுதிப் பிரச்சினையில் ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூணுக்கும் புள்ளி போச்சு. ரஷ்யாவுக்கு அடிச்சது யோகம், உலகக் கோப்பை இடம் அவங்களுக்குப் போச்சு.

அப்படியும் ஒண்ணு ரெண்டு புள்ளி இடிச்சா போனஸ் புள்ளியைப் பாருங்க. இங்கே நாலு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கிறது) அடிக்கணும்ங்கிற கணக்கு இல்லை, எதிரணியைவிட மூணு டிரை கூட இருந்தா 1 போனஸ். 7 புள்ளிக்குள் தோத்தாலும் 1 உண்டு.

ஒரு விஷயம்: 2021, 2022 ரெண்டையும் சேர்த்துக் கூட்டுறது 2023 உலகக் கோப்பைக்கான தகுதிக்குத்தான். 2023-இல் இந்தச் சாம்பியன்ஷிப்பை 8 அணி, இரண்டு பிரிவுன்னு மாத்திட்டாங்க.