மில்ட்சிக்டெ: மாடு திடீரெனச் செத்தால் கத்தியை எடுக்காதீர்கள்

தம்பி, தென் ஆப்பிரிக்காவின் நார்தர்ன் கேப் மாகாணப் பண்ணையில் ராத்திரி நன்றாக இருந்த பசு காலையில் செத்துக் கிடந்தது, வேலையாட்கள் 'மில்ட்சிக்டெ' என்று ஒதுங்கிவிட்டார்கள், அது என்ன, அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுக்கவே கூடாது. நம் ஊரில் அடைப்பான் என்கிறோமே, ஆந்த்ராக்ஸ், அதேதான்.

ஆப்பிரிகான்ஸில் மில்ட் என்றால் மண்ணீரல், சிக்டெ என்றால் நோய். செத்த மாட்டை அறுத்தால் மண்ணீரல் பல மடங்கு வீங்கி, கறுத்து, கூழாகக் கிடக்கும். அதைப் பார்த்து வைத்த பெயர். ஜெர்மன்காரர்களும் மண்ணீரலை வைத்தே பெயரிட்டார்கள். ஆனால் அந்த அடையாளத்தை இன்று யாரும் தேடக் கூடாது. உடலுக்குள் இருக்கும் கிருமி, காற்றுப் பட்டதும் ஸ்போராக, அதாவது கெட்டியான தோடு போர்த்திய விதை போன்ற உறக்க நிலைக்கு, மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். அறுக்காத உடலில் அது அழுகலிலேயே சில நாட்களில் செத்துவிடும். அங்குள்ள காப் பீடபூமியின் சுண்ணாம்பு மண் ஸ்போருக்குத் தோதானது என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

வெளியிலிருந்தே பாருங்கள்: மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருரத்தம், சீக்கிரம் உப்பிய வயிறு, சரியாக விறைக்காத கால்கள். ரத்தம் வராமலும் இருக்கலாம். ஸ்பான்சிக்டெ, அதாவது சப்பை நோயிலும் மாடு இப்படித் திடீரென விழும். அதனால் அரசு கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். தகவல் சொல்வது சட்டப்படி கட்டாயம். காது ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றிப் பார்ப்பார்கள். நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அடைப்பான்தான்.

அவர் வரும்வரை நரியும் கழுகும் அண்டாமல் உடலைத் தார்ப்பாயால் மூடுங்கள். பிறகு அங்கேயே எரிப்பது நல்லது. முடியாவிட்டால் 2 மீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும். ரத்தம் ஊறிய மண்ணையும் சேர்த்து எரியுங்கள். சுண்ணாம்பு தூவாதீர்கள், கால்சியம் ஸ்போருக்குத்தான் உதவும். இறைச்சியை யாருக்கும் கொடுக்காதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். உடலைத் தொட்டவர் கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவே கறுத்தால் அன்றே மருத்துவரிடம் போகட்டும். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

1923 வாக்கில் தென் ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு 30,000 முதல் 60,000 கால்நடைகள் இந்நோயில் செத்ததாகக் கணக்கு. அன்றிருந்த, லூயி பாஸ்டர் வகுத்த முறையிலான தடுப்பூசியின் வீரியம் சீராக இல்லை. சில நேரம் ஊசியே மாட்டைக் கொன்றது. 1930களில் அந்நாட்டின் ஒண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆய்வகத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன், கரியமில வாயு மிகுந்த சூழலில் கிருமியை வளர்த்து உறையில்லாத, அதனால் நோய் உண்டாக்கும் வலு குறைந்த வகையைப் பிரித்தார். 34எஃப்2 என்ற அந்த வகைதான் உலகின் பெரும்பாலான கால்நடை அடைப்பான் தடுப்பூசிகளுக்கு இன்றும் மூலம். ராணிப்பேட்டையிலும் அடைப்பான் ஸ்போர் தடுப்பூசி தயாராகிறது.

தென் ஆப்பிரிக்காவில் மாடுகளுக்கு ஆண்டுதோறும் இந்த ஊசி கட்டாயம், தோலடியில் போடுவது. இது உயிருள்ள ஸ்போர் என்பதால், ஊசி போடும் நாட்களை ஒட்டிப் பெனிசிலின் கொடுத்தால் தடுப்பூசி வீணாகிவிடும்.  வெள்ளாடுகளுக்கு எதிர்வினை அதிகம், அவற்றுக்கு லேபிளில் உள்ள அளவைத் தனியே பாருங்கள். எதிர்ப்புச் சக்தி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே மீதி மந்தைக்கு ஊசி போட்ட கையோடு, பசு செத்த மேய்ச்சல் நிலத்திலிருந்து அவற்றை ஓட்டிவிடுங்கள்.