பார்க்காத வீட்டுக்கு முன்பணமா?

கேள்வி: என் கணவருக்கு ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வயது மகனோடு அடுத்த மாதம் கிளம்புகிறோம். இணையத்தில் பார்த்த வீடு ஒன்று, எல்லாச் சாமான்களோடும் மாதம் 850 யூரோ. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி, தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருக்கிறார். மற்ற விளம்பரங்களுக்கு எழுதினால் பதிலே இல்லை. குழந்தையோடு போய் இறங்கித் தவிக்கக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. பணம் அனுப்பலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அனுப்பாதீர்கள் சகோதரி. ஒரு யூரோகூட வேண்டாம். வெளிநாட்டில் உரிமையாளர், கூரியரில் சாவி, ஊர் நிலவரத்துக்குச் சம்பந்தமே இல்லாத குறைந்த வாடகை. இது பல வருடமாக நடக்கும் மோசடி. ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான நகரம் மியூனிக். அங்கே ஒரு குடும்பத்துக்கான வீடு சாமான்களோடு இந்த விலைக்கு வராது. அந்த பாஸ்போர்ட் நகல், முன்பு ஏமாந்த வேறு யாருடையதாகவோ இருக்கலாம். உங்கள் நகலைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பதில் வராததற்கு உங்கள் மீது குறை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பேர் விண்ணப்பிக்கிறார்கள். நேரில் வந்து பார்ப்பவர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ‘ஷூஃபா’ என்னும் கடன் நம்பகச் சான்று எல்லாம் வைத்திருப்பவருக்கே முன்னுரிமை. இந்தியாவில் இருந்துகொண்டு இவற்றைக் காட்ட முடியாது. அதனால் நிரந்தர வீட்டை இப்போதே பிடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குச் சாமான்களோடு ஒரு தற்காலிக வீடு போதும். வாடகை கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கணவரின் அலுவலகத்திலும் உதவி கேளுங்கள்.

அந்தத் தற்காலிக வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இந்த முகவரியில் எங்களைப் பதிவு செய்யக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?” என்பதைத்தான். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. பதிவு நடந்தால்தான் வரி எண் வரும். அது இழுத்தடித்தால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிப்பார்கள். விசா வேலைகளுக்கும் இந்தப் பதிவைக் கேட்பார்கள். “பதிவெல்லாம் முடியாது” என்று சொல்லும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அங்கே போய் நிரந்தர வீடு தேடும்போது ஒன்று உங்களைத் திடுக்கிட வைக்கும். நான் ஜெர்மனிக்குக் குடிவந்த புதிதில் பார்க்கப் போன ஒரு வீட்டின் சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும்தான் இருந்தன. தொட்டி, அலமாரி, அடுப்பு எதுவும் இல்லை. கூரையில் விளக்கு தொங்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர். இங்கே இது சகஜம். குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது புதிதாக வருபவரிடம் விற்பார். ஆகவே சமையலறை உண்டா, விலை தனியா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விளம்பரத்தில் ‘கால்ட்’ என்றால் வெறும் வாடகை, ‘வார்ம்’ என்றால் வெப்பமூட்டும் செலவும் பராமரிப்பும் சேர்த்து. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணமாக அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகைதான் கேட்கலாம். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது, தயங்காமல் கேளுங்கள். தரகரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் கமிஷன் அவர் பொறுப்பு. 2015-லிருந்து அதுதான் சட்டம்.

சாவி வாங்கும் அன்று சுவரில் உள்ள கீறல், மீட்டர் அளவு எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அன்றைக்கே தபால் பெட்டியில் உங்கள் குடும்பப் பெயரை ஒட்டிவிடுங்கள். வீட்டு எண் சரியாக இருந்தாலும் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண்ணும் வங்கி அட்டையும் தபாலில்தான் வருகின்றன.