சென்டர் பேக் பையனும் மேட்ச் அன்னைக்குக் காலைல வர்ற வாந்தியும்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க ஜெர்மனில ஹானோவர் பக்கம் இருக்கோம், வந்து 9 வருஷம் ஆச்சு. மகனுக்கு 14 வயசு, ஊர் கிளப்ல அண்டர் 15 டீம்ல சென்டர் பேக், அதாவது நம்ம கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்குற இடத்துல ஆடுறான். நல்ல உயரம், ஆனா வேகம் பத்தலன்னு ட்ரெய்னர் சொல்றாரு. 3 மாசமா மேட்ச் அன்னைக்குக் காலைல வாந்தி வர்ற மாதிரி குமட்டுது, பாத்ரூம்லயே இருக்கான், சாப்பிட மாட்டேங்குறான். மத்த நாள்ல ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் ஒரு பெரிய கிளப் அகாடமில ட்ரையல் இருக்கு. என் வீட்டுக்காரர், "மெர்டெசாக்கர் இந்த ஊர்ப் பையன்தான், அவரும் ஸ்லோதான், உலகக் கோப்பை ஜெயிக்கலையா, பயத்தை முழுங்கிட்டு ஆடச் சொல்லு"ன்னு சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்? நிறுத்திடவா? — பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரி, உங்க வீட்டுக்காரர் சரியான ஆளைத்தான் உதாரணமா எடுத்திருக்காரு, ஆனா அந்த ஆளோட கதைல பாதியைத்தான் சொல்லியிருக்காரு. மீதிப் பாதி உங்க பையனோட பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி நடக்குற கதையேதான், அதனால இந்தப் பதிலை தயவுசெஞ்சு அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் படிங்க.

முதல்ல அவர் சொன்ன பாதி, அது பொய் இல்ல. பெர் மெர்டெசாக்கர் 1984ல ஹானோவர்ல பொறந்தவரு, பக்கத்துல இருக்குற பட்டென்சென் ஊர் கிளப்ல ஆட ஆரம்பிச்சு அப்புறம் ஹானோவர் 96 ஜூனியர் டீமுக்குப் போனாரு. 2003 நவம்பர்ல 19 வயசுல ஜெர்மனியோட முதல் டிவிஷன் லீகான பன்டெஸ்லீகா, அடுத்த வருஷமே அக்டோபர்ல தெஹ்ரான்ல ஈரானுக்கு எதிரா ஜெர்மனிக்காக முதல் மேட்ச். 21 வயசுல சொந்த நாட்டுல நடந்த 2006 உலகக் கோப்பைல மெயின் டிஃபெண்டர். அப்புறம் வெர்டர் பிரெமன் கிளப், 2011ல இங்கிலாந்து கிளப் ஆர்சனல், மொத்தம் ஜெர்மனிக்கு 104 மேட்ச், 2014ல பிரேசில்ல உலக சாம்பியன். வேகம் இல்லங்கறதும் உண்மைதான், 1.98 மீட்டர் உயரம், திரும்பி ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் தாண்டிப் போயிடுவான்னு இங்கிலாந்துக்கு வந்த புதுசுல எல்லாரும் பேசினாங்க. பிறகு தன் வாழ்க்கைக் கதையை எழுதினப்போ அதுக்கு "திறமை இல்லாத உலக சாம்பியன்"னு அர்த்தம் வர்ற மாதிரி அவரே தலைப்பு வெச்சாரு.

வேகம் இல்லாம எப்படி ஆடினாருன்னு உங்க பையனுக்கு நான் சொல்ல ஆசைப்படுறேன், ஏன்னா அவன் ட்ரெய்னர் சொன்னதை மனசுல வெச்சுப் புழுங்கிட்டு இருப்பான். சென்டர் பேக்குக்கு ஓட்டப்பந்தயம் கடைசி வழிதான் தம்பி. பந்து எங்க வரப்போகுதுன்னு பாஸ் கொடுக்குறவனோட தோளைப் பாத்தே முன்னாடி தெரிஞ்சுகிட்டு ரெண்டு அடி தள்ளி நின்னுட்டா ஓடவே வேண்டாம், மெர்டெசாக்கர் ஆடினது அந்த ஆட்டம்தான், சறுக்கி விழுந்து டாக்கிள் பண்ணாம நின்ன இடத்துலேயே பந்தை எடுத்துடுவாரு, பக்கத்துல இருக்குறவனை சத்தம் போட்டு நகர்த்திக்கிட்டே இருப்பாரு. பழைய மேட்ச் வீடியோ கிடைச்சா பந்தைப் பாக்காம அவரை மட்டும் 10 நிமிஷம் பாக்கச் சொல்லுங்க.

இப்போ மீதிப் பாதி. 2018 மார்ச்ல, ரிட்டயர் ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, டெர் ஷ்பீகல் பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தாரு. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு சில நொடி முன்னாடி வயிறு கலங்கி வாந்தி வர்ற மாதிரி குமட்டும், கண்ணுல தண்ணி வந்துடும், கேமராவும் மத்த பிளேயர்ஸும் பாத்துடக் கூடாதுன்னு தலையை ஒரு பக்கமா திருப்பிக்குவேன்னு சொன்னாரு. மேட்ச் நாள்னா காலைல எழுந்ததுமே பாத்ரூம், சாப்பிட்டதும் பாத்ரூம், ஸ்டேடியம் போனதும் மறுபடி. இது ஏதோ ஒரு ஃபைனல்ல நடந்தது இல்ல, வருஷக்கணக்கா நடந்தது. டிவில நாம பாத்த அந்த நிதானமான பெரிய உருவம் உள்ளுக்குள்ள இப்படித்தான் இருந்திருக்கு. முதல் தடவை படிச்சப்போ எனக்கு தொண்டையை அடைச்சுது.

அந்தப் பேட்டில என்னால மறக்கவே முடியாத இடம் 2006 அரையிறுதி பத்தினது. டோர்ட்முண்ட்ல இத்தாலிக்கு எதிரா எக்ஸ்ட்ரா டைம் முடியப்போற நேரத்துல ரெண்டு கோல் வாங்கித் தோத்தாங்க, நாடே அழுதுச்சு. அவருக்கும் வருத்தம்தான், ஆனா அதைவிட பெருசா வந்தது எல்லாம் முடிஞ்சுதுங்கற நிம்மதியாம். யோசிச்சுப் பாருங்க, 21 வயசுப் பையன், சொந்த மண்ணுல உலகக் கோப்பை அரையிறுதி, தோத்ததுக்கு அப்புறம்தான் அவனால மூச்சு விட முடிஞ்சிருக்கு.

ஏன் டிஃபெண்டருக்கு இது இவ்வளவு கனமா உக்காருதுன்னா, ஸ்ட்ரைக்கர் அஞ்சு வாய்ப்பை விட்டுட்டு ஆறாவதுல கோல் போட்டா ஹீரோ, சென்டர் பேக் 89 நிமிஷம் ஒழுங்கா ஆடிட்டு ஒரு தடவை வழுக்கினா அன்னைக்கு ராத்திரி டிவில ஓடுறது அந்த வழுக்கல் மட்டும்தான். நல்லா ஆடினா யாரும் கவனிக்கவே மாட்டாங்க, அதுதான் அந்த வேலை. 14 வயசுல உங்க பையன் அதைப் புரிஞ்சுகிட்டான்னு எனக்குத் தோணுது, அப்பா லைனுக்கு வெளிய நிக்கறதும் அவனுக்குத் தெரியும், அதான் வயிறு பேசுது.

பேட்டி வந்ததும் என்ன நடந்துச்சு தெரியுமா? நிறைய பேர் பாராட்டினாங்க, ஆனா பழைய கேப்டன் லோதர் மத்தேயுஸ் மாதிரி பெரிய ஆளே இப்படிப்பட்டவர் எப்படி சின்னப் பசங்களோட வேலை பாக்க முடியும்னு கேட்டாரு, ஏன்னா மெர்டெசாக்கர் அப்போ ஆர்சனல் அகாடமியோட பொறுப்பை எடுக்கப் போறதா முடிவாகியிருந்துச்சு. எனக்கு அந்த விமர்சனத்துல துளியும் சம்மதம் இல்ல. உள்ளுக்குள்ள நடக்கறதை வாயைத் தொறந்து சொன்ன ஒருத்தர்கிட்டதான் பசங்க தைரியமா போய் பேசுவாங்க. ஆர்சனலும் மாறல, அவர் 2018ல அந்தப் பொறுப்பை எடுத்தாரு.

இன்னொண்ணும் சொல்லணும், பயமுறுத்த இல்ல. ஹானோவர்ல அவரோட ஒண்ணா ஆடின கோல்கீப்பர் ராபர்ட் எங்கே அவருக்கு நெருங்கின நண்பர். எங்கே பல வருஷம் டிப்ரஷனோட போராடினாரு, அதை வெளிய தெரியவிடல, 2009 நவம்பர்ல உயிரை மாய்ச்சுகிட்டாரு. உங்க ஊர்ல அந்தப் பேரைச் சொன்னா இன்னைக்கும் ஜனங்க ஒரு நிமிஷம் அமைதியாயிடுவாங்க. அவர் பேர்ல 2010ல ஆரம்பிச்ச ஃபவுண்டேஷன் இந்த விஷயத்துக்காகவே வேலை செய்யுது. உங்க பையனுக்கு இருக்கறது டிப்ரஷன்னு நான் சொல்ல வரல, அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். "முழுங்கிட்டு ஆடு"ன்னு ஒரு குழந்தைகிட்ட சொன்னா அவன் முழுங்கறது பயத்தை மட்டும் இல்ல, உங்ககிட்ட பேச வேண்டியதையும் சேத்துதான், எனக்கு கவலை அதுலதான்.

அப்போ நிறுத்திடலாமான்னு கேக்குறீங்க. நீங்களா நிறுத்தாதீங்க. மெர்டெசாக்கரோட கதைல இன்னொரு நாள் இருக்கு, 2017 மே 27, இங்கிலாந்து கிளப்புகள் மோதுற எஃப்ஏ கப்போட ஃபைனல். முட்டி அடிபட்டு அந்த சீசன் முழுக்க ஒரு மேட்ச்ல கூட முதல் பதினொண்ணுல இறங்கல. ஆர்சனலோட மத்த சென்டர் பேக்குகள்ல கோசியெல்னி ரெட் கார்டால ஆட முடியாது, கேப்ரியல் காயம், வேற வழியில்லாம 32 வயசு மெர்டெசாக்கரை லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல இறக்குறாங்க, எதிர்ல அந்த வருஷ லீக் சாம்பியன் செல்சீ, முன்னாடி அவங்க ஸ்ட்ரைக்கர் டியேகோ கோஸ்டா. அன்னைக்கு அவர் ஆடினது இருக்கே, ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடியே அங்க நிக்குறாரு, ஒரு டாக்கிள் கூட அவசரத்துல இல்ல. கோஸ்டா ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கினாரு, ஆனா மூணே நிமிஷத்துல ஆர்சனலோட ராம்சே தலையால முட்டி கோல் போட, ஆர்சனல் 2-1ன்னு ஜெயிச்சுது. அன்னைக்கும் வயிறு கலங்கியிருக்குமான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த ஆட்டத்து மேல அவருக்கு இருந்த பிரியம் ஒவ்வொரு அசைவுலயும் தெரிஞ்சுது. பயமும் பிரியமும் ஒரே உடம்புல இருக்க முடியும், உங்க பையனுக்கு எது எவ்வளவு இருக்குன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால அவன்கிட்ட கேளுங்க, மேட்ச் அன்னைக்கு இல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை மாதிரி சும்மா இருக்குற நாள்ல, கார்ல போறப்போ கேட்டீங்கன்னா இன்னும் நல்லது, மூஞ்சியைப் பாத்துப் பேச வேண்டியதில்ல. "ட்ரையலுக்குப் போகணும்னு உனக்கு ஆசையா"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, அவன் பத்து நிமிஷம் பேசலன்னாலும் நீங்க பேசாதீங்க. இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, வயித்துல வேற ஏதும் இல்லன்னு உறுதியாகட்டும், இப்படி மேட்ச் அன்னைக்கு மட்டும் வருதுன்னு அவர்கிட்ட தெளிவா சொல்லுங்க, விளையாடுற பசங்களைப் பாக்குற சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லிக் கேளுங்க. ட்ரெய்னருக்கும் விஷயம் தெரியட்டும், ஆனா பையன் சரின்னு சொன்னதுக்கு அப்புறம். ட்ரையலைத் தள்ளி வைக்கணும்னு அவன் சொன்னா அகாடமிக்கு ஒரு மெயில் போட்டாப் போதும், 14 வயசுல ஒரு ட்ரையலோட எதுவும் முடிஞ்சுடாது.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, பையனை நம்புற அப்பாவாத்தான் அப்படிச் சொன்னீங்க. அடுத்த சனிக்கிழமை அவன் பாத்ரூம்ல இருந்து வெளிய வர்றப்போ மெர்டெசாக்கருக்கும் இப்படித்தான் குமட்டும்னு அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. அம்மா சொல்றதைவிட அது உங்க வாயால வரணும். அப்புறம் அவன் என்ன சொன்னான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்திருக்கேன்.